எண்ணூரில் நிற்காது

ஒரு காலத்தில் நடுத்தர வர்க்க வீடுகளில் இரண்டு புத்தகங்கள் ஆணியில் தொங்கும். ஒன்று பஞ்சாங்கம், இன்னொன்று ரயில்வே கால அட்டவணை. பஞ்சாங்கத்தில் ராகு காலம், அட்டவணையில் வண்டி நேரம் என்று பார்த்து, இரண்டும் ஒத்து வந்தால்தான் பயணம். பஞ்சாங்கத்துக்கு உரை எழுதியவர்கள் உண்டு. கால அட்டவணைக்கு யாராவது விமர்சனம் எழுதி நான் பார்த்ததில்லை. லட்சக்கணக்கானவர்கள் படித்த புத்தகத்துக்கு இப்படி ஒரு அநீதி கூடாது. இந்த வாரம் அதைச் சரிசெய்து விடலாம்.

புத்தகத்தில் கதை இல்லையே என்பீர்கள். சஸ்பென்ஸ் இருக்கிறது. 11.40-க்கு வருகிற வண்டியிலிருந்து இறங்கி 12.05-க்குக் கிளம்புகிற வண்டியைப் பிடிக்க முடியுமா? நடுவில் 25 நிமிஷம், ஒரு மேம்பாலம், இரண்டு சூட்கேஸ், ஒரு மாமியார். எந்தத் துப்பறியும் கதையிலும் இவ்வளவு பதற்றம் கிடையாது. ஷெர்லக் ஹோம்ஸே பிராட்ஷாவைப் புரட்டச் சொல்கிறவர்தான். பிராட்ஷா என்பது 1839-ல் தொடங்கி 1961 வரை வந்த இங்கிலாந்து ரயில் கால அட்டவணை. அதே பெயரை ஒட்டிக்கொண்டு கல்கத்தாவிலிருந்து நியூமேன் கம்பெனி 'இந்தியன் பிராட்ஷா' போட்டது. நமக்குத் தெரிந்தது தெற்கு ரயில்வேயின் அட்டவணை, அப்புறம் நாடு முழுமைக்குமான 'ட்ரெயின்ஸ் அட் எ க்ளான்ஸ்'. இப்போது எல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது.

செல்போனில் வேகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். புத்தகத்தில் கேட்காததும் கண்ணில் படும். சென்னையிலிருந்து ஹவுரா என்று விரலை வைத்தால், விரல் இறங்கும் வழியில் கூடூர், ஓங்கோல், ராஜமுந்திரி, சிலிகா ஏரிக்கரையில் இருக்கும் ரம்பா எல்லாம் தட்டுப்படும். ஊர் பெயரைப் பார்த்ததும் 'இங்கே இறங்கினால் என்ன?' என்று தோன்றும். நெடும்பயணத்தின் பாதி சுகம் அந்தத் தோன்றலில் இருக்கிறது.

நம் அட்டவணையின் பலம், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விதிகள். யாரும் படிப்பதில்லை. உதாரணமாக, பிரேக் ஜர்னி. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட் என்றால், 500 தாண்டிய பிறகு ஓர் ஊரில் இறங்கி இரண்டு நாள்வரை தங்கிவிட்டு, அதே டிக்கெட்டில் தொடரலாம். 1,000 கிலோமீட்டருக்கு மேல் என்றால் இரண்டு முறை. ராஜதானி போன்ற வண்டிகளுக்குப் பொருந்தாது. கவுன்ட்டரில் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சென்னையிலிருந்து ராஜமுந்திரி 580 கிலோமீட்டர் சுமார். அதாவது கோதாவரியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஹவுரா போக ரயில்வே தாராளமாக அனுமதிக்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

இன்னொரு விதி, இணைப்பு வண்டி பற்றியது. முதல் வண்டி லேட்டாகி இரண்டாவது வண்டியைத் தவறவிட்டால் பணம் போச்சு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். 2019 ஏப்ரல் 1 முதல் இரண்டு டிக்கெட்டுகளின் பி.என்.ஆர். எண்களை இணைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். இணைத்திருந்தால், தவறவிட்ட வண்டிக்கான கட்டணத்தை ரத்துக் கட்டணம் பிடிக்காமல் திருப்பித் தருவார்கள். பயணிகளின் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. நல்ல விதி. ஆனால் பணம்தான் திரும்பி வரும், கல்யாண முகூர்த்தம் வராது. ஆகவே மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டு வண்டி பிடியுங்கள்.

இனி குறைகள். முதல் குறை, காட்சி.

ஐரோப்பாவில் தாமஸ் குக் கம்பெனி 1873 முதல் ரயில் அட்டவணை போட்டது. அவர்கள் வெளியிட்ட ரயில் வரைபடத்தில் அழகான பாதைகளுக்குப் பச்சைக் கோடு போட்டிருப்பார்கள். ஆல்ப்ஸ் மலை, ரைன் நதி, பச்சை. பகலில் அந்த இடத்தைக் கடக்கிற வண்டி எது என்று அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். நம் புத்தகத்தில் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. நாமே கணக்குப் போட வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். சென்ட்ரலிலிருந்து ஹவுராவுக்கு 1,662 கிலோமீட்டர். பிரபலமான இரண்டு வண்டிகள்: 1977 முதல் ஓடும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ், அதைவிட மிகப் பழைய ஹவுரா மெயில். கோரமண்டல் காலையில் கிளம்புகிறது. கோதாவரிப் பாலத்தைப் பிற்பகல் வெளிச்சத்தில் தாண்டும். ஆற்றின் அகலத்தைப் பார்த்து வாயைப் பிளக்கலாம். ஆனால் சிலிகா ஏரி வரும்போது நள்ளிரவை ஒட்டியிருக்கும், கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். மெயில் மாலையில் கிளம்புகிறது. கோதாவரி விடியுமுன் போய்விடும். சிலிகா மறுநாள் பிற்பகலில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே தகதகக்கும். நதி வேண்டுமா, ஏரி வேண்டுமா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் மேலே சொன்ன பிரேக் ஜர்னி.

அடுத்தது, எந்தப் பக்கத்து ஜன்னல்? "வடக்கே போறோம், கடல் கிழக்கே, அப்ப வலது பக்கம்" என்பார் அனுபவஸ்தர். ரம்பாவில் ஏரியும் கிழக்கேதான். வலது பக்கத்து ஜன்னலை அடித்துப் பிடித்து வாங்கிக்கொண்டு உட்காருவீர்கள். நடுவில் விசாகப்பட்டினம் வரும். வண்டி அங்கே 20 நிமிஷம்போல நிற்கும். எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டி, வந்த பக்கமே திரும்பி வெளியேறும். அதுவரை கடலைப் பார்த்த உங்கள் ஜன்னல் அதற்குப் பிறகு மேற்கே மலையைப் பார்க்கும். ஏரி எதிர்ப்பக்கத்து மாமாவுக்கு. அட்டவணையில் இதற்கான ஒரே தடயம், வருகைக்கும் புறப்பாட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த நீளமான இடைவெளி. படிக்கத் தெரிந்தவனுக்கு அது போதும் என்று புத்தகம் நினைக்கிறது. ஒரு வரி சேர்த்தால் குறைந்தா போய்விடும்?

ஆனால் பச்சைக் கோடு போடும் யோசனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. எது காட்சி என்று யார் முடிவு செய்வது?

ரயிலில் 'பார்க்க வேண்டிய' இடங்கள் என்று பத்திரிகைகளில் வரும் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பன் பாலம், நீலகிரி மலை ரயில், கொங்கண் பாதை, அரக்கு பள்ளத்தாக்கு. எல்லாம் பார்க்க வேண்டியவைதான், சந்தேகமில்லை. சென்னை - ஹவுரா பாதை பற்றி எழுதுகிறவர்கள் என்றால் கோதாவரியில் ஆரம்பிப்பார்கள், கொஞ்சம் பொறுமைசாலிகள் கிருஷ்ணாவில். சென்ட்ரலை விட்ட முதல் அரைமணி நேரத்தை யாரும் எழுதுவதில்லை. எழுதினால், 'நகரத்தின் அழுக்கைத் தாண்டியதும்' என்று ஒரு சொற்றொடர். அத்தோடு சரி.

அந்த முதல் அரைமணியில் பயணிகள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? சீட்டுக்கு அடியில் சூட்கேஸைத் தள்ளுகிறார்கள். சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்கள். சார்ஜர் செருக ஓட்டை தேடுகிறார்கள். "லோயர் பெர்த் கொஞ்சம் மாத்திக்கலாமா சார், அம்மாவுக்கு முட்டி வலி" என்று பேரம். டி.டி.ஆர். வருகிறார். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால் கும்மிடிப்பூண்டி. நடுவில் ஒரு முழு வடசென்னை காணாமல் போயிருக்கும்.

என் கட்சி, அந்த அரைமணிதான் 1,662 கிலோமீட்டரிலும் முக்கியமான காட்சி என்பது. கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்.

பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை. எழும்பூரிலிருந்து கிளம்பி பீச் வழியாக வடக்கே போகும் வண்டியில் இருந்தால் அதற்குமுன் ராயபுரம் வரும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி இங்கேயிருந்துதான் கிளம்பி வாலாஜா ரோடு வரை போனது. கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். 1853-ல் நாட்டின் முதல் வண்டி கிளம்பிய பம்பாய் போரி பந்தர் நிலையம் இன்று இல்லை. ராயபுரம் இன்னும் வரிசையாகத் தூண்களோடு நிற்கிறது. 2005-ல் பழுது பார்த்தார்கள். 1873-ல் சென்ட்ரல் வந்ததும் கூட்டம் அங்கே போய்விட்டது. இப்போது ராயபுரத்தில் நிற்பது பெரும்பாலும் புறநகர் வண்டி.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். வலது பக்கம் தியாகராஜர் கோயிலும், அதையும் தாண்டிக் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதியும் இருக்கின்றன. ரயிலிலிருந்து தெரியாது. ஆனால் காதற்ற ஊசியும் கூட வராது என்று சொல்லிப் போனவர் படுத்திருக்கிற ஊரில்தான் 1950-களிலிருந்து என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் செய்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளலாம். அடுத்து விம்கோ நகர். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரில் ஒரு ரயில் நிலையம். கம்பெனி மூடிவிட்டது, பெயர் அணையவில்லை. 2021-ல் மெட்ரோ ரயில் வந்தபோதும் அதே பெயர்தான் வைத்தார்கள். இடது பக்கம் தூரத்தில் மணலியின் சுத்திகரிப்பு ஆலைக் குழாய்கள். உங்கள் ஸ்கூட்டரின் பெட்ரோலுக்கும் அடுப்பின் காஸுக்கும் அங்கே தொடர்பு இருக்கலாம்.

கத்திவாக்கம், எண்ணூர். 1948-ல் தொடங்கிய அசோக் லேலண்டின் ஊர். எண்ணூரைத் தாண்டியதும் பாலம். கீழே கொசஸ்தலை ஆறு கடலைத் தேடிப் போகிற கழிமுகம். இதில் இடது, வலது சண்டை வேண்டாம், இரண்டு பக்கமும் காட்சிதான். தண்ணீர், அலையாத்திச் செடிகள், கரையோரப் படகுகள். பின்னணியில் புகைபோக்கிகள். 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் நிறுத்தப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையமும், 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் ஓடுகின்றன. உங்கள் பெட்டிக்கு மேலே ஓடும் கம்பியின் மின்சாரமும் வீட்டில் அணைக்காமல் வந்த ஃபேனின் மின்சாரமும் இந்த மாதிரி இடங்களிலிருந்துதான் வருகின்றன.

மின்சாரம் நமக்கு வருகிறது, சாம்பல் அங்கேயே தங்குகிறது. குழாயிலிருந்து கசிந்த சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆழம் குறைந்த விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளியால் மொண்டு அள்ளினார்கள். டெலிவிஷனில் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, படகு, வலை, கரை, செடி எல்லாம் கறுத்தது. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அந்தத் தண்ணீரில்தான் இறங்க வேண்டும். சிலிகாவில் இப்படி ஒன்று நடந்தால் பச்சைக் கோடு போட்டவர்களே முதலில் கத்துவார்கள். எண்ணூருக்குப் பச்சைக் கோடு இல்லை, அதனால் பார்வையும் இல்லை. காட்சி என்று பெயர் வாங்காத இடத்தைக் கெடுப்பது சுலபம். எனக்கு இந்தப் பட்டியல்களின் மேல் இருக்கிற புகாரே அதுதான்.

இரண்டாவது குறை, இணைப்பு.

எண்ணூர்க்காரர் ஒருவர் விஜயவாடாவில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார் என்று வையுங்கள். விஜயவாடா வடக்கே. எண்ணூர் அந்தப் பாதையிலேயே இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்? தெற்கே 16, 17 கிலோமீட்டர் சென்ட்ரலுக்கு வர வேண்டும். பஸ்ஸில் வந்தால் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளின் நடுவே எத்தனை நேரம் ஆகும் என்று எந்த அட்டவணையும் சொல்லாது. புறநகர் வண்டியில் வந்தால் மூர் மார்க்கெட் பக்கம் இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஸ்டேஷனுக்குள் நடக்க வேண்டும். இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, ஒரு மணி நேரம் காத்திருந்து, எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்தால், அது அரைமணியில் அவர் வீட்டு வாசலைக் கடந்து போகும்.

"எண்ணூர்ல நிக்காதா சார்?"

"நிக்காதுங்க. சூப்பர் ஃபாஸ்ட்."

வேலை தேடி வடக்கேயிருந்து வருகிறவர்களுக்கும் இதே கதைதான், தலைகீழாக. வேலை செய்யப்போகிற தொழிற்சாலையை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே சென்ட்ரல் வரை போய் இறங்கி, மொழி தெரியாமல் புறநகர் டிக்கெட் கவுன்ட்டரைத் தேடி, வந்த வழியே திரும்ப வேண்டும்.

ரயில்வே தரப்பிலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு நிறுத்தமும் சில நிமிஷங்களை விழுங்கும். நிலக்கரி வண்டி, சரக்கு வண்டி, புறநகர் வண்டி எல்லாம் நெருக்கியடிக்கும் பாதை அது. கேட்ட ஊரில் எல்லாம் நின்றால் எக்ஸ்பிரஸ் பாசஞ்சராகிவிடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் கூடூரில் அத்தனை வண்டிகள் நிற்கும்போது, லட்சக்கணக்கான பேர் வாழும் வடசென்னையில் ஒரே ஓர் இடத்தில், நாளைக்கு இரண்டு வண்டியாவது இரண்டு நிமிஷம் நின்றால் என்ன முழுகிவிடும் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

சென்னையின் இணைப்புச் சிக்கலே பழைய சொத்துத் தகராறு மாதிரிதான். வடக்கும் மேற்கும் போக ஒரு கம்பெனி, அகலப் பாதை, சென்ட்ரல். தெற்கே போக இன்னொரு கம்பெனி, மீட்டர் பாதை, எழும்பூர். கம்பெனிகள் போய், மீட்டர் பாதையும் போன பிறகும், மதுரையிலிருந்து ஹவுரா போகிறவர் பெரும்பாலும் எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்கு மாற வேண்டும். இரண்டுக்கும் ரயில்வேயின் சுருக்கெழுத்து எம்.எஸ்., எம்.ஏ.எஸ். ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்கு ஆட்டோக்காரர்கள் வசூலித்த தொகை கொஞ்சமில்லை. 2018-ல் மெட்ரோ வந்து அதைக் கொஞ்சம் குறைத்தது.

தெற்குப் பாதையும் வடக்குப் பாதையும் கைகோக்கிற பழைய இடம் ஒன்று இருக்கிறது: எழும்பூர் - பீச் - ராயபுரம் - கொருக்குப்பேட்டை. அதனால்தான் ராயபுரத்தைப் பெரிய முனையமாக்குங்கள் என்று பல வருஷங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது முனையம் தாம்பரத்துக்குப் போனது. நான்காவதாகப் பெரம்பூரைச் சொல்கிறார்கள். முதல் முனையத்துக்கு எத்தனையாவது இடம் என்று இன்னும் தெரியவில்லை. 1856-ல் ரயிலை வரவேற்ற பேட்டைக்காரர்கள், ரயில் ஏற இன்றும் சென்ட்ரலுக்கோ எழும்பூருக்கோதான் போக வேண்டியிருக்கிறது.

அட்டவணைப் புத்தகத்தில், வண்டி நிற்காத ஊருக்கு நேரே நேரம் இருக்காது. புள்ளியோ கோடோ இருக்கும். ஒரு வண்டிக்கு அது நியாயமான குறியீடு. ஊருக்கே அப்படிக் குறி போட்டுவிட்டால்தான் தப்பு.

ஆகவே விமர்சகனின் தீர்ப்பு: நேரங்கள் பரவாயில்லை, விதிகள் பிரமாதம், காட்சியும் இணைப்பும் மோசம். அடுத்த பதிப்புக்கு மூன்று திருத்தங்கள். விசாகப்பட்டினத்தில் வண்டி திரும்புவதை ஒரு வரியில் சொல்லுங்கள். பச்சைக் கோடு போடுவதானால் எண்ணூர்ப் பாலத்திலிருந்து போடுங்கள். திருவொற்றியூருக்கோ எண்ணூருக்கோ நேரே இருக்கும் புள்ளிகளில் இரண்டையாவது அழித்துவிட்டு நேரம் எழுதுங்கள்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஹவுராவுக்கு டிக்கெட் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு டீ, வடை காசில் கும்மிடிப்பூண்டி லோக்கல் கிடைக்கும். காலையில் ஏறுங்கள், ஜன்னலோரம் உட்காருங்கள். எண்ணூரில் நிற்கும்.